பிரஷர் ஏறுவதற்கு முன்பே

மலேசியாவின் உலு யாம் வட்டாரத்தில் கர்ப்பிணிகள் கிளினிக்குக்குப் போனால், மிஸ்ஸி (தாதி) தவறாமல் பார்ப்பவை இரண்டு: கையில் பட்டை கட்டி பிரஷர், சிறுநீரில் புரதம். இரண்டும் கர்ப்பப் பதிவேடான இளஞ்சிவப்புப் புத்தகத்தில் ஏறிவிடும். 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் புதிதாக 140/90-ஐ எட்டி, சிறுநீரில் புரதமும் இறங்கினால் அது பிரீஎக்லாம்ப்சியா. முற்றினால் வலிப்பு வரலாம். கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். உலகில் நூற்றுக்கு 2 முதல் 8 கர்ப்பங்களில் இது வருகிறது.

ஆனால் பட்டை காட்டிக்கொடுக்கும் நாளில் நோய்க்கு வயது பல வாரம் ஆகியிருக்கும். கரு வளரத் தொடங்கும்போது, கருப்பையின் சுருள் ரத்தக்குழாய்களை நஞ்சுக்கொடி அகலப்படுத்த வேண்டும். அந்த வேலை அரைகுறையாக நின்றால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது. அது தாயின் ரத்தத்தில் ஒரு புரதத்தை அளவுக்கு மீறிக் கலக்கிறது.

அந்தப் புரதத்தை 2003-இல் அடையாளம் காட்டியது பாஸ்டனில் இருந்த ஓர் ஆய்வுக் குழு. அதன் தலைவர் அனந்த் கருமாஞ்சி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மகப்பேறு மருத்துவரல்ல, சிறுநீரக மருத்துவர். புரதத்தின் பெயர் எஸ்-எஃப்எல்டி-1. ரத்தக்குழாய்ச் சுவரில் பதிந்திருக்க வேண்டிய ஏற்பியின் ஒரு துண்டு அது. கதவில் இருக்க வேண்டிய பூட்டு தெருவில் அலைந்து, வருகிற சாவிகளை எல்லாம் விழுங்கிவிடுவதுபோல, ரத்தக்குழாய்களைக் காக்கும் பிஎல்ஜிஎஃப் முதலான வளர்ச்சிப் புரதங்களை அது பிடித்துவைத்துக்கொள்கிறது. இந்தத் துண்டைச் சினை எலிகளின் உடலில் அதிகமாக்கியபோது, அவற்றுக்கும் பிரஷர் ஏறியது, சிறுநீரில் புரதம் இறங்கியது. கர்ப்பமில்லாத எலிகளுக்கும் அதேதான் நேர்ந்தது.

அடுத்த ஆண்டு வெளியான ஆய்வு இன்னும் முன்னால் போனது. நோய் தலைகாட்டுவதற்குச் சுமார் 5 வாரம் முன்பே எஸ்-எஃப்எல்டி-1 ஏறத் தொடங்குகிறது. பிஎல்ஜிஎஃப்போ 13 முதல் 16 வாரத்திலேயே குறைந்திருக்கிறது.

இன்று இந்தப் புரதங்களை அளப்பதில் இரண்டு பயன். முதலாவது, 11 முதல் 14 வாரத்துக்குள் பிஎல்ஜிஎஃப் அளவையும், பிரஷரையும், கருப்பை ரத்தக்குழாயின் டாப்ளர் ஸ்கேனையும், தாயின் உடல்நிலை விவரங்களையும் சேர்த்துக் கணக்கிடுவது. அப்படி ஆபத்து அதிகம் என்று தெரிந்தவர்களுக்கு, தினமும் இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவிக்க வைக்கும் வகை நோய் 62 விழுக்காடு குறைந்தது என்று 2017-இல் அந்த ஆய்வு காட்டியது.

இரண்டாவது, பிந்தைய மாதங்களில் சந்தேகம் வரும்போது. எஸ்-எஃப்எல்டி-1 அளவை பிஎல்ஜிஎஃப் அளவால் வகுத்து வரும் விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அடுத்த ஒரு வாரத்துக்குள் நோய் வராது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். பெரிய ஆஸ்பத்திரி தொலைவில் உள்ள தோட்டப்புறத்துப் பெண்ணுக்கு இது சிறிய செய்தி அல்ல: வார்டில் படுக்க வேண்டுமா, வீட்டில் இருந்தபடி கவனித்தால் போதுமா என்பதை முடிவுசெய்ய அது உதவும்.

நோய் வந்துவிட்டால், அதைத் தீர்க்கும் வழி இன்றும் பிரசவம் மட்டும்தான். ஆஸ்பிரினும் 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும். ரத்தச் சோதனை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஆனால் முந்தைய கர்ப்பத்தில் இந்த நோய், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, ஏற்கெனவே இருக்கும் பிரஷர் ஆகிய ஆபத்துக் காரணங்களை மிஸ்ஸி கேட்டே தெரிந்துகொள்ளலாம். அதற்கு அந்த இளஞ்சிவப்புப் புத்தகத்தை முதல் 12 வாரத்துக்குள் திறந்திருக்க வேண்டும்.