மதுமேகம்: ஆயுர்வேதம் கண்ட காரணங்கள்

இன்று சர்க்கரை நோய் எனப்படுவதை ஆயுர்வேத நூல்கள் தனி நோயாக வைக்கவில்லை. சிறுநீர் மிகுந்தும் கலங்கியும் வெளியேறும் 'பிரமேகம்' என்னும் நோய்த் தொகுதிக்குள், தேனை ஒத்த சிறுநீரைக் கொண்ட 'மதுமேகம்' என்ற பிரிவாக அதை அடக்கின. சரக சம்ஹிதையும் சுஸ்ருத சம்ஹிதையும் பிரமேகத்தைக் கபத்தால் வருவன 10, பித்தத்தால் வருவன 6, வாதத்தால் வருவன 4 என 20 வகைகளாகப் பிரிக்கின்றன. இவற்றுள் கப வகைகள் தீரக்கூடியவை, பித்த வகைகள் கட்டுக்குள் மட்டும் நிற்பவை, மதுமேகம் அடங்கிய வாத வகைகள் தீராதவை என்பது சரகரின் கணிப்பு. கரும்புச்சாறு போன்ற சிறுநீரை உடைய இக்ஷுமேகம் கப வகையிலேயே இடம்பெறுவதால், சிறுநீரின் இனிப்பு ஒன்றே மதுமேகத்துக்கு அடையாளமாகக் கொள்ளப்படவில்லை என்பது தெளிவு.

நோயின் காரணங்களாகச் சரகர் அடுக்கும் பட்டியலில் முதலில் நிற்பது வெல்லம் அன்று, உட்கார்ந்தே இருக்கும் சுகம். அடுத்தது உறக்கச் சுகம். தயிர், பால், புதுத் தானியம், நீர்ப்பாங்கான நிலத்து விலங்குகளின் இறைச்சிச் சாறு, வெல்லப் பண்டங்கள் ஆகியவை அவற்றின் பின்னரே வருகின்றன. சர்க்கரை தின்பதால் மட்டுமே சர்க்கரை நோய் வருகிறது என்று இன்றும் நம்புவோர் இந்த வரிசையைக் கவனிப்பது நல்லது. இத்தகைய வாழ்க்கையால் பெருகும் கபம், 'மேதஸ்' எனப்படும் கொழுப்பையும் 'கிலேதம்' எனப்படும் உடல் ஈரத்தையும் கெடுத்துச் சிறுநீர்ப்பைக்கு இழுத்துச் செல்கிறது. சீற்றமுற்ற வாதம், உடலின் உயிர்ச்சாரமாகிய 'ஓஜஸ்' என்பதையும் அவ்வழியே வெளியேற்றும்போது மதுமேகம் முற்றுகிறது. கவனியாமல் விட்ட எந்தப் பிரமேகமும் இறுதியில் மதுமேகமாகும் என்பது சுஸ்ருதரின் எச்சரிக்கை.

சுஸ்ருதரின் கூர்மை நோயாளியைப் பிரித்துப் பார்த்ததில் வெளிப்படுகிறது. பெற்றோரின் வித்துக் குறையால் நோயுற்றவர் மெலிந்து, குறைவாக உண்டு, மிகுந்த தாகத்தோடு இருப்பார். தவறான உணவாலும் பழக்கத்தாலும் நோயுற்றவர் பருத்து, நிறைய உண்டு, படுக்கையையும் இருக்கையையும் விரும்புவார். ஆகவே மெலிந்தவருக்கு ஊட்டமும், பருத்தவருக்கு உணவுக் குறைப்பும் உடற்பயிற்சியும் விதிக்கப்பட்டன. பொருளற்றவர் செருப்பும் குடையுமின்றி நூறு யோசனைத் தொலைவு நடக்க வேண்டும் என்றும் அந்நூல் சொல்கிறது.

இவ்விரு நோயாளிகளையும் இன்றைய முதல் வகை, இரண்டாம் வகை நீரிழிவோடு அப்படியே பொருத்துவது பொருந்தாது. முதல் வகை, உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் நேர்வது. பரம்பரைத் தொடர்போ இரண்டாம் வகையில்தான் வலுவாகக் காணப்படுகிறது. மேலும் கணையத்துக்கு இந்நோயில் உள்ள பங்கு ஆயுர்வேத நூல்களுக்குத் தெரியாது; 1889இல் ஜெர்மனியில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மெரிங்கும் நாயின் கணையத்தை அகற்றிய பிறகே அது உலகுக்குப் புலப்பட்டது. தீராது என்று பழைய மருத்துவர்கள் கைவிட்ட நோயாளிகளை வாழவைத்தது, 1922இல் மனிதருக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்ட இன்சுலின்.

பார்லி உணவு, நெல்லிக்காயும் மஞ்சளும் சேர்ந்த மருந்து என ஆயுர்வேதம் பரிந்துரைப்பவற்றை நாடுவோர், இன்சுலினையோ மாத்திரையையோ தாமாக நிறுத்தக் கூடாது. இரண்டும் சேரும்போது இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும் என்பதால், உட்கொள்ளும் அனைத்தையும் தம் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.