நெஸியன்ஸ் என்னுஞ் சொல்லும் அவித்தையும்

அறியாமையைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்குஞ் சொற்களுள் 'இக்னொரன்ஸ்' என்பது யாவரும் அறிந்தது. 'நெஸியன்ஸ்' என்பதோ மெய்யியல் நூல்களிலேயே பெரிதும் பயில்வது. வேதாந்த நூல்களை ஆங்கில வாயிலாகக் கற்கும் மாணவர் இச்சொல்லை அடிக்கடி எதிர்கொள்வராதலின், அதன் பொருள் வரம்பை ஈண்டு ஆராய்வாம்.

இரு சொற்களும் இலத்தீன் வழிவந்தவை. இலத்தீனில் 'ஸ்கீரே' என்பது அறிதல். 'நே' என்பது எதிர்மறை. இவற்றின் கூட்டத்தாற் பிறந்ததே நெஸியன்ஸ். 'சயன்ஸ்' என்னுஞ் சொல்லுக்கும் அடி 'ஸ்கீரே' என்பதே. இக்னொரன்ஸ் என்பதன்கண் உள்ள 'க்னோ' என்னும் அடியோ, ஞானம் என்பதற்கு முதலாகிய 'ஞா' என்னும் வடமொழித் தாதுவோடு உறவுடையது.

இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டியவருள் ஒருவர், 1274ஆம் ஆண்டில் மறைந்த தோமஸ் அக்குவைனாஸ். அறிவு இல்லாதிருத்தல் மாத்திரமே நெஸியன்ஸ். அறிதற்கு இயல்புடைய ஒருவன் அறியாதிருத்தல் இக்னொரன்ஸ் என்பது அவர் கருத்து. அறியக் கடமைப்பட்டதை அசட்டையால் அறியாதிருப்பதே குற்றமாகும். விண்மீன்களின் தொகையை அறியாத வைத்தியரை எவரும் பழியார். தாம் கொடுக்கும் மருந்தின் இயல்பை அறியாதவரைப் பழிப்பர்.

சங்கரரின் பிரமசூத்திர பாடியத்தை ஆங்கிலத்திற் பெயர்த்த ஜோர்ஜ் தீபோ, 1890இல் வெளிவந்த முதற் பாகத்தில், அவித்தை என்பதற்கு நெஸியன்ஸ் என்னுஞ் சொல்லையே ஆண்டார். பழிப்புப் பொருள் கலவாத சொல்லாதலின் அது ஓராற்றாற் பொருத்தமுடையதே. எனினும், அவித்தை வெறும் இன்மை அன்று. ஒன்றன்மேல் மற்றொன்றை ஏற்றிக் காணும் அத்தியாசத்தையே அறிஞர் அவித்தை என்பர் எனச் சங்கரர் தம் பாடியத்தின் முகப்பிற் கூறுகின்றார். பிற்கால அத்துவைதிகள் அதனைப் பாவரூபம் என வரையறுத்தனர்.

சிப்பியைக் காணாதவன் தன் வழியே செல்வான். அதனை வெள்ளியெனக் கண்டவனோ குனிந்து எடுப்பான். முன்னையது நெஸியன்ஸ், பின்னையதே அவித்தை. அவித்தை என்பதற்கு 'அறிவின்மை' என்று மாத்திரம் விடை எழுதும் மாணவர் இவ்வேறுபாட்டைத் தவறவிடுகின்றனர்.

வகுப்பறையிலும் இம்மூவகையும் உள. கல்லாததைக் கற்பித்தல் எளிது. அசட்டையைக் கண்டித்துத் திருத்தலாம். பிழையாக அறிந்ததை நீக்குதலே அரிது. பிழையாக அறிந்தவன் தனக்கு ஐயமுண்டென்று ஆசிரியரிடம் வருவதில்லை. மாணவன் அறியாதவற்றை மாத்திரமன்றி, அறிந்ததாகக் கருதுவனவற்றையும் வினாவி அறிதல் ஆசிரியர் கடனாகும்.