கடலடிக் கம்பியும் தோட்டத்து இணையமும்

இன்று தோட்டப்புறங்களில் கைப்பேசி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. கோலா பிலா வட்டாரத்தில் காலையில் பால்மரம் வெட்டிய தொழிலாளி, மாலையில் தமிழகத்திலுள்ள உறவினரின் முகம் பார்த்துப் பேசுகின்றார். பிள்ளைகளின் பள்ளிப் பாடமும் வங்கிக் கணக்கும் அதே சிறு கருவிக்குள் வந்துவிட்டன. இச்செய்திகள் யாவும் வானத்தின் வழியாகவே உலகைச் சுற்றி வருகின்றன எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. கைப்பேசியிலிருந்து அண்மையிலுள்ள கோபுரம் வரையில்தான் செய்தி காற்றில் செல்கின்றது. அதன்பின் அதன் பயணம் பெரும்பாலும் மண்ணுக்கடியிலும் கடலுக்கடியிலும் கிடக்கும் கம்பிகளின் வழியாகவே நடைபெறுகின்றது.

மரப்பாலும் தந்தியும்

இக்கம்பிகளின் வரலாற்றில் நம் நாட்டு மரமொன்றுக்குப் பெரும் பங்கு உண்டு. மின்சாரம் ஓடும் கம்பியைக் கடல்நீர் தீண்டாதவாறு காப்பதற்கு ஏற்ற பொருளின்றி விஞ்ஞானிகள் இடர்ப்பட்ட காலத்தில், மலாயாக் காடுகளிலிருந்த தாபான் மரத்தின் பால் கைகொடுத்தது. 'கெத்தா பெர்ச்சா' எனப்படும் இப்பொருளைச் சிங்கப்பூரிலிருந்த மருத்துவர் வில்லியம் மோன்ட்கோமரி 1843ஆம் ஆண்டில் இலண்டனில் அறிமுகப்படுத்தினார். 1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடித் தந்திக்கம்பி இப்பாலையே மேலுறையாகக் கொண்டிருந்தது.

1870-71ஆம் ஆண்டுகளில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக்கம்பி இடப்பட்டது. நம் முன்னோர் கப்பலில் நாட்கணக்கில் கடந்துவந்த அதே கடலைச் செய்தி சில நிமிடங்களில் கடக்கத் தொடங்கியது. ஆயினும் தாபான் மரத்தின் நிலை இரங்கத்தக்கது. ரப்பர் மரத்தைப் பட்டை சீவி, ஆண்டுக்கணக்கில் பால் எடுக்கின்றோம். தாபான் மரத்தையோ வெட்டிச் சாய்த்தே பால் எடுத்தனர். அதனால் அம்மரம் காடுகளில் அருகிப் போயிற்று. பிற்காலத்தில் பாலித்தீன் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மலாக்காவிலிருந்து சென்னைக்கு

இன்றைய கடலடிக் கம்பியின் நடுவே மயிரிழை போன்ற கண்ணாடி இழைகள் உள்ளன. அவற்றினூடே ஒளி, நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செய்தியைச் சுமந்து செல்கின்றது. 2005இல் இயங்கத் தொடங்கிய 'சீ-மீ-வீ 4' என்னும் கம்பித்தொடர், சிங்கப்பூரிலிருந்து பிரான்சு வரை ஏறத்தாழ 18,800 கிலோமீட்டர் நீளமுடையது. அது நம் அண்டை மாநிலமாகிய மலாக்காவில் கரையேறுகின்றது; சென்னையிலும் கொழும்பிலும் கரையேறுகின்றது.

கம்பி என்றால் அறுதலும் உண்டு. 2006ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் தைவான் அருகே நிலநடுக்கம் ஏற்பட்டுக் கடலடிக் கம்பிகள் அறுந்தபோது, மலேசியாவிலும் இணையச் சேவை தளர்ந்தது. எனவேதான் ஒரு வழி அடைபட்டால் மறுவழி செல்லுமாறு பல கம்பிகள் இடப்பட்டுள்ளன.

உரிமையாளர் யார்?

இவ்வளவு பெரிய வலையமைப்புக்கு உரிமையாளர் யார் எனும் வினா எழுவது இயல்பே. தனி உரிமையாளர் எவரும் இலர். உடன்பாடே அதனை நடத்துகின்றது. தோட்டத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் பெயர் இருப்பது போலவே செக்ரோல் எண்ணும் உண்டு. ஒரே எண்ணை இருவருக்குக் கொடுத்துவிட்டால் ஒருவர் சம்பளம் மற்றவர் கணக்கில் சேர்ந்துவிடும். இணையத்திலும் அவ்வாறே: செய்தி வழிதவறாமல் சேர்வதற்கு முகவரிப் பெயரும் எண்ணும் ஒழுங்காகப் பங்கிடப்பட வேண்டும். 1998இல் அமைக்கப்பட்ட 'ஐகேன்' எனும் அமைப்பு உலக அளவில் இதனை ஒருங்கிணைக்கின்றது. அவ்வமைப்பின் கூட்டமொன்று 2004 ஜூலையில் கோலாலம்பூரில் நடைபெற்றது. ஆசிய பசிபிக் வட்டாரத்தின் எண்களை 'ஏப்னிக்' வழங்குகின்றது. 'எம்ஒய்' என முடியும் மலேசிய முகவரிகளை 'மைநிக்' பதிவு செய்கின்றது.

முகவரிகள் நெடுங்காலம் ஆங்கில எழுத்துகளில் மட்டுமே அமைந்திருந்தன. 2007இல் பிற எழுத்துகளைச் சோதித்தபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட 11 மொழிகளுள் தமிழும் ஒன்று. இன்று இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் பெயர்களைத் தமிழெழுத்திலேயே முகவரியின் இறுதியில் இடலாம். உடன்பாட்டு மேசையில் நம் மொழிக்கும் இடம் கிடைத்ததன் பயன் இது.

தோட்டம் வரை வரவேண்டும்

கடலைக் கடந்து வந்த செய்தி, கடைசிச் சில கிலோமீட்டரில் மலைச்சரிவிலோ மரநிரைகளுக்கிடையிலோ தடைப்பட்டுவிட்டால் பயன் என்ன? வீடுகள் நெருங்கிய நகரத்தில் கம்பி இழுப்பது நிறுவனங்களுக்கு இலாபம். வீடுகள் குறைந்த தோட்டத்தில் அவ்வாறன்று. இக்குறையைப் போக்கவே 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் வழிசெய்துள்ளது. குறிப்பிட்ட வரம்புக்கு மேல் வருமானம் பெறும் உரிமம் பெற்ற நிறுவனங்கள், கணக்கிடப்பட்ட நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டைப் பொதுச் சேவை நிதிக்குச் செலுத்த வேண்டும். சேவை எட்டாத இடங்களுக்கு அதனைக் கொண்டு செல்வதே அந்நிதியின் நோக்கம். தொடர்பு, பல்லூடக ஆணையம் அதனை நிருவகிக்கின்றது.

ஆகவே, இணையத் தொடர்பு கிட்டாத தோட்டத்தார் அதனைத் தலைவிதியென்று விட்டுவிடலாகாது. எந்த நிரையில், எந்த வீட்டில், எந்நேரத்தில் தொடர்பு அறுகின்றது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் சேவை வழங்கும் நிறுவனத்திடம் முறையிட்டு, புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ள வேண்டும். தக்க பதில் கிட்டாவிடில் ஆணையத்திடம் முறையிடலாம். தோட்டம் தனியார் நிலமாதலின், கோபுரத்திற்கு இடம் ஒதுக்குவது குறித்து நிருவாகத்திடமும் பேசுதல் நன்று. ஒருவர் தனித்துக் கேட்பதைவிடத் தோட்டத்தார் கூடிக் கேட்பது வலிமையுடையது.

நம் நாட்டு மரப்பால் ஒருகாலத்தில் உலகின் தந்திக்கம்பிகளைக் காத்தது. அவ்வழியில் வளர்ந்த இணையம், பால் சேகரிக்கும் தொழிலாளியின் இல்லத்தையும் எட்ட வேண்டும் எனக் கேட்பது சலுகை கோருவதாகாது. சட்டம் ஏற்றுக்கொண்ட பொதுச் சேவையைக் கேட்பதேயாகும்.