முதுகில் விழுந்த நெல்

நாகர்கோவில் இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கத்தில் ஒரே நேரத்தில் நூறு செயல்களைச் செய்துகாட்டிச் ‘சதாவதானி’ ஆனார். அவதானம் என்றால் சும்மாவா? ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் இலக்கணத்தில் ஐயம் கேட்பார். ஒருவர் விட்டுவிட்டு மணியடிப்பார். இன்னொருவர் பின்னால் நின்று முதுகில் நெல்லையோ பூவையோ எறிந்துகொண்டிருப்பார். கடைசியில் எல்லாவற்றுக்கும் விடை சொல்ல வேண்டும், முதுகில் எத்தனை விழுந்தது என்பது உட்பட.

இது முழுவதையும் ஒரே ஞாபகசக்தி செய்வதாகத்தான் தோன்றும். ஆனால் மூளையின் வெவ்வேறு இடங்களை நம்பியிருக்கும் பல நினைவுகள் கூடிச் செய்யும் வேலை இது.

அது தெளிவானது ஒரு துயரத்தால். 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பை நிறுத்த அறுவை செய்தபோது, மூளையின் இருபக்கமும் உள்ள ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன்பின் புதிதாகச் சந்தித்தவர்கள் அவர் மனதில் தங்கவே இல்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து அதன் ஓரமாகவே பென்சிலை ஓட்டச் சொன்னார். முதல் நாள் கை எதிர்ப்பக்கம் இழுத்தது. மூன்றாம் நாள் கோடு சீராக வந்தது. ஆனால் இதை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை! நடந்ததைப் பதியவைக்கும் உறுப்பு போய்விட்டது; கை பழகும் திறனோ மூளையின் அடியாழத்திலும் சிறுமூளையிலும் பத்திரமாக இருந்தது.

இனிப் பாவலரைப் பாருங்கள். பதினைந்து வயதிலேயே செய்யுள் இயற்றியவர்; அவருக்குத் தளை தட்டாமல் வெண்பா ஓடிவருவது பெரிதும் பழக்க நினைவு. சீறாப்புராணத்துக்கு உரை எழுதிய புலமை வேறு வகை. கற்ற நாள் மறந்தாலும் கற்ற பொருள் நிற்கும். அன்று அந்த அரங்கில் யார் என்ன கேட்டார் என்பது மூன்றாவது வகை. மொலைசன் முதன்மையாக இழந்தது இதைப் புதிதாகப் பதியும் திறனைத்தான். முதுகில் விழும் நெல்லின் கணக்கோ நீண்டகால நினைவே அல்ல. நொடிக்கு நொடி மனதில் ஏந்தியிருக்க வேண்டிய எண் அது. நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதிக்கு அதில் பெரும்பங்கு. யாப்பு தானாக ஓடியதால்தான் மணிக்கும் நெல்லுக்கும் கவனம் மிஞ்சியது என்று நினைக்கிறேன்.

இத்தகைய நினைவாற்றல் எங்கிருந்து வருகிறது? யஜுர்வேதத்தை வாய்ப்பாடமாகக் கற்ற 21 பண்டிதர்களின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்த முடிவு 2016-இல் வெளிவந்தது. மொழிக்கும் நினைவுக்கும் உரிய பல பகுதிகளில், வலது ஹிப்போகாம்பஸ் உட்பட, சாம்பல்நிறப் பொருள் மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகம். பிறவியா, பயிற்சியா என்பதை அந்த ஆய்வு மட்டும் தீர்த்துவிடாது. திருவிதாங்கூர் ஆட்சியில், மலையாளம் பள்ளிமொழியாக இருந்த ஊரில், தமிழைத் தனியே ஆசிரியரிடம் போய்க் கற்றவர் பாவலர். அப்படி முயன்று கற்றவரைப் பார்க்கும்போது, நான் பயிற்சியின் பக்கம்தான்.