மேலூருக்கு வந்த கார்ட்லெஸ்

2001-ஆம் ஆண்டு வாக்கில் மதுரையை அடுத்த மேலூர் வட்டாரக் கிராமங்களில் கம்பங்களின் உச்சியில் சின்னச் சின்ன ஆன்டெனாக்கள் முளைத்தன. குழி தோண்டிக் கேபிள் பதிக்காமலே ஊருக்குத் தொலைபேசியும் இணையமும் வந்து சேர்ந்தன. 'கார்டெக்ட்' என்பது அந்தத் தொழில்நுட்பத்தின் பெயர். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது அது. என்-லோக் நிறுவனம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. கண்ணில் கோளாறு என்றால் இணைய மையத்திலேயே வெப்கேமராவில் படம் பிடித்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

கார்டெக்டுக்கு அடிப்படை, ஐரோப்பாவில் பிறந்த 'டெக்ட்' முறை. வீட்டில் ஹாலுக்கும் சமையலறைக்கும் தூக்கிக்கொண்டு அலைகிறோமே, அந்தக் கார்ட்லெஸ் போன்கள் பலவற்றிலும் இருப்பது இதுதான்.

"அது கதிர்வீச்சாச்சே, மூளைக்கு ஆகாதே" என்பார்கள். எவ்வளவு கதிர்வீச்சு என்று பார்த்துவிடலாம். டெக்ட் கருவி அனுப்பும் அலையின் உச்சத் திறன் 250 மில்லிவாட். ஆனால் அது இடைவிடாமல் அனுப்புவதில்லை. ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தை 24 கூறுகளாக்கி, பேசும்போது அதில் ஒரு கூறில் மட்டும் அனுப்புகிறது. ஆக, சராசரி பத்து மில்லிவாட்தான். பழைய 2ஜி செல்போன் முழுத் திறனில் இயங்கினால் இதைப்போல் 25 மடங்கு அனுப்பும். இவ்வளவு குறைந்த திறனை வைத்துக்கொண்டுதான், குறுக்கே மறைப்பில்லாத மேலூர்ச் சமவெளியில் கார்டெக்ட் பத்து கிலோமீட்டர் வரை எட்டியது.

இந்த அலைகள் எக்ஸ்ரேயைப்போல அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெடுப்பவை அல்ல. அளவு மிகுந்தால் உடல் திசுவைச் சூடாக்கும், அதுவே நிரூபணமான பாதிப்பு. 2011-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இவற்றைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது உண்மை. சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது! 2024-இல் அந்நிறுவனத்துக்காக 63 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை என்றார்கள். பீதிக்கு இடமில்லை.

இந்திய அரசும் கண்டிப்பாகத்தான் இருக்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல் செல்போன் கோபுரங்களுக்கான கதிர்வீச்சு வரம்பு சர்வதேச வரம்பில் பத்தில் ஒன்று. கைபேசியிலிருந்து உடல் ஏற்கும் அளவு, கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது. பல செல்போன்களில் *#07# அழுத்தினால் அதன் அளவு திரையில் வரும்.

மேலூரில் ஆன்டெனா வெளியே கம்பத்தில் இருந்தது; அறைக்குள் வந்தது வெறும் கேபிள். வீட்டுக் கார்ட்லெஸ்ஸிலோ ஆன்டெனா காதருகே இருக்கிறது. போதாக்குறைக்கு, சார்ஜரோடு இருக்கும் பேஸ், யாரும் பேசாதபோதும் நொடிக்கு நூறு முறை சமிக்ஞை அனுப்பும். இதையும் குறைக்க நினைப்பவர்களுக்குச் செலவில்லாத வழி உண்டு. தூரம் இரட்டிப்பானால் அலையின் அடர்த்தி சுமார் கால்வாசியாகிவிடும். எனவே தலைமாட்டில் இருக்கும் பேஸை எடுத்து ஹாலில் வையுங்கள். நெடுநேரப் பேச்சை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள். புதிதாக வாங்குவதானால், சும்மா இருக்கும்போது சமிக்ஞையை நிறுத்திவிடும் 'ஈகோ' வசதி உண்டா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.