புதிதாய்க் கொண்ட மட்டக்குதிரையும் நோய்த்தடுப்பும்

பாண்டிய மன்னர் கடல் கடந்து வந்த குதிரைகளைப் பெரும் பொருள் கொடுத்துப் பெற்றனர் என்பது வரலாறு கற்றோர் யாவரும் அறிந்ததே. மணிவாசகர் குதிரை கொள்ளச் சென்ற வரலாறும் இவ்வழக்கத்தையே உணர்த்துகின்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டைப் பற்றி எழுதிய வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினான் என்றும், ஆண்டு முடிவில் நூறுதானும் எஞ்சுவதில்லை என்றும் கூறுகின்றார். எண்ணிக்கையில் மிகை இருத்தல் கூடும். ஆயின் அவர் காட்டும் காரணம் சிந்திக்கத்தக்கது. குதிரை வைத்தியம் அறிந்தோர் ஆண்டு இல்லாமையே அவ்வழிவிற்குக் காரணம் என்பர் அவர். வாங்குதற்குச் செல்வம் இருந்தது. காத்தற்கு அறிவு இருந்திலது. தோளுயரம் ஏறக்குறைய 148 சதமமீற்றருக்கு மேற்படாத மட்டக்குதிரை ஒன்றை இன்று வாங்குவோர்க்கும் இப்பாடம் பொருந்தும்.

முதலாவது, புதிதாய் வந்த குதிரையை ஏனையவற்றோடு உடனே சேர்த்தல் ஆகாது. மூன்று வாரமேனும் அதனைத் தனி இலாயத்தில் நிறுத்தி, தனி நீர்த்தொட்டியும் தனித் தூரிகையும் வழங்கல் வேண்டும். கிருமி உடலுட் புகுந்த நாளுக்கும் நோய்க்குறி தோன்றும் நாளுக்கும் இடைவெளி உண்டு என்பதே இதற்குக் காரணம். தாடையின்கீழ்க் கட்டிகள் வீங்கிச் சீழ்கொள்ளும் ஸ்ற்றாங்கிள்ஸ் என்னும் தொற்றுநோயில் அவ்விடைவெளி பெரும்பாலும் 3 முதல் 14 நாள் வரையாகும். அந்நோயில் முதலில் தோன்றுவது காய்ச்சல். மூக்குவழியே கிருமி வெளிப்படுதல் அதற்கு ஓரிரு நாள் பிந்தியே தொடங்கும். ஆதலின் நாள்தோறும் உடல் வெப்பத்தை அளந்து குறிப்போர், நோய் பரவுமுன்னரே அதனை அறிந்து தடுத்தல் கூடும். நலமுற்ற குதிரையின் வெப்பநிலை 37.5 முதல் 38.5 பாகை செல்சியசு வரை இருக்கும். நோய் தீர்ந்ததுபோலத் தோன்றும் குதிரையும் தொண்டையருகேயுள்ள பைகளிற் கிருமியைப் பல மாதம் சுமத்தல் உண்டு. அதனை மிருக வைத்தியரின் சோதனையே காட்டும்.

இரண்டாவது, தடுப்பூசி. ஏற்புவலிக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் நெடுங்காலம் அழியாது கிடப்பன. வீட்டு விலங்குகளுள் அந்நோய்க்கு மிக எளிதில் இரையாவது குதிரையே. குளம்பில் ஆணி தைத்த சிறு புண்ணும் உயிர்க்கு இறுதியாகலாம். முதலூசிக்குப்பின் 4 முதல் 6 வாரத்தில் இரண்டாவதும், ஓராண்டு கழிய மூன்றாவதும் இட்டு, அதன்பின் மருந்தின் தன்மைக்கேற்ப இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இடுதல் வழக்கம். குதிரைச் சளிச்சுரம் பரவும் இடங்களில் அதற்குரிய ஊசியும் வேண்டும். விற்றவர் வாய்மொழியை நம்பாது, எழுத்துச் சான்று இல்லையெனின் ஊசியே இடப்படாதது எனக் கொண்டு தொடங்குதல் நன்று.

மூன்றாவது, குடற்புழு. அடிக்கடி மருந்து கொடுப்பதே காவல் என முன்னர்ப் பலர் எண்ணினர். உண்மை வேறு. மருந்துக்கு மடியாத சில புழுக்கள் எஞ்சிப் பெருக, நாளடைவில் அம்மருந்தே பயனற்றுப் போகின்றது. எடைக்குக் குறைந்த அளவு கொடுப்பதும் இத்தீங்கை வளர்க்கும். எனவே சாணத்திலுள்ள முட்டைகளை எண்ணுவித்து, வைத்தியர் சொற்படி அளவறிந்து மருந்தூட்டல் வேண்டும். மேய்ச்சல் நிலத்துச் சாணத்தை வாரம் இருமுறை அகற்றுதல் மருந்தினும் எளிய காவலாகும்.

நான்காவது, உணவு. குதிரையின் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களே நாரினைச் செரிப்பிக்கின்றன. உணவைத் திடீரென மாற்றின் அவை நிலைகுலையும், வயிற்றுச்சூலை தோன்றும். குதிரைக்கு வாந்தியெடுக்கும் ஆற்றல் இன்மையின் அந்நோய் பெரிதும் அஞ்சத்தக்கது. ஆகவே பழைய உணவோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து, பத்துப் பதினான்கு நாளில் மாற்றுக. செற்றுலாந்துத் தீவுகள் போன்ற வறிய மேய்ச்சல் நிலங்களில் வளர்ந்த இனங்கள் குறைந்த உணவில் நிறைந்து வாழும் இயல்பின. அன்பின் மிகுதியால் தானியத்தையும் செழும்புல்லையும் அளவின்றி ஊட்டின், உடல் பருத்துக் குளம்பின் உட்படை அழன்று, நிற்கவும் இயலாத துன்பம் நேரும். வாழ்நாள் முழுதும் ஈற்றினின்று வெளிவந்து தேயும் பற்களை ஆண்டுக்கொருமுறையேனும் சோதிப்பித்தலும், 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீர்செய்வித்தலும் இவற்றோடு சேரத்தக்கன.

மேற்கூறியவற்றுள் பெரும்பொருட் செலவு வேண்டுவது எதுவும் இல்லை. வேண்டுவன ஒரு வெப்பமானி, ஒரு குறிப்பேடு, தவறாத கவனம் என்பனவே. நன்கு பேணப்படும் மட்டக்குதிரை 25 ஆண்டுக்கு மேலும் வாழ வல்லது. விலை ஒருநாளிற் கொடுத்துத் தீர்வது. காவலோ அவ்வுயிர் உள்ள நாளெல்லாம் தொடர்வது. தன் நோயைத் தான் சொல்லமாட்டாத உயிரை வாங்குவோர், அதன் நோயை அறியும் கடனையும் உடன் ஏற்றோராவர்.