பட்டையே சாக்ஷி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் செல்கிறவர்கள், மலையடிவாரத்து முட்புதர்களைக் கடந்ததும் பாதையின் இருமருங்கிலும் எதிர்ப்படும் இலையுதிர் விருட்சங்களை, மழைக்காலமாயின் ஒரே பச்சையென்றும் பங்குனியாயின் ஒரே சுள்ளிக்காடென்றும் பொதுப்படக் கருதிக் கடந்துபோவதே வழக்கமாயிருக்கிறது. கரடியூர் போன்ற மேட்டுப் பிரதேசங்களிலோ, 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பியும், அதற்கு நிழல் தருவதற்காக நட்ட ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக்கும் கண்ணை நிறைத்துவிடுவதால், சுதேச மரங்களோடு பழக விரும்புகிறவர் சரிவுகளில் இறங்கித்தான் ஆகவேண்டும்.

காம்பிள் 1915-இல் வெளியிடத் தொடங்கி, அவர் காலமான பின்பு பிஷ்ஷர் 1936-இல் முடித்துவைத்த சென்னை மாகாணத் தாவர நூல், ஈடற்ற கிரந்தமே. ஆயினும் அது பெரும்பாலும் பூவையே லக்ஷணமாகக் கேட்பதால், மொட்டைக் கிளைகளின்கீழ் நிற்பவனுக்கு உடனே உதவுவதில்லை. அவனுக்குச் சாக்ஷி பட்டைதான்.

மருதுகளையே எடுத்துக்கொள்வோம். கருமருதுக்கும் நீர்மருதுக்கும் நீண்ட இலை, இலையில் சிறு சுரப்பிகள், ஐந்து சிறகுள்ள காய் எல்லாம் பொது. ஆனால் முதிர்ந்த கருமருதின் அடிமரம் கறுத்து, ஆழமாகப் பிளந்து, முதலையின் முதுகைப்போலக் கட்டங்கட்டமாயிருக்கும். நீர்மருதோ வெளிறி வழவழத்து, பெரிய தகடுகளாக உரிந்துகொண்டிருக்கும். இளங்கன்றுகளில் இந்தப் பேதம் இன்னும் உருவாகாமையால், அங்கே பட்டையை நம்புவது விவேகமன்று, இலையைத் திருப்பி, சுரப்பிகள் காம்பின் முனையையொட்டி நிற்கின்றனவா, நடுநரம்பின் அடிப்புறத்தில் மருப்போலப் புடைத்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும், பின்னது கருமருது. காய் கிடைத்துவிட்டாலோ விவாதத்துக்கே இடமில்லை: கருமருதின் சிறகில் நரம்புகள் நேராக விளிம்புக்கு ஓடும், நீர்மருதில் வளைந்து மேல்நோக்கும். ஓடைக்கரையை விட்டு நீர்மருது அதிகதூரம் செல்வதில்லை என்பதும் நினைவிலிருக்கட்டும்.

வறண்ட சரிவில் வெளிறிய மரமொன்று நின்றால் அது அநேகமாக வெக்காலி. அதன் பட்டை சிறு செதில்களாக உதிர்ந்து, மேலோட்டமான குழிகளை விட்டுவைக்கும். உதிரப்போகும் இலைகள் சிவப்பேறும்.

அனுபவசாலிகளையும் மயக்குபவை வேங்கையும் ஈட்டியும். இரண்டிலும் ஒரு காம்பில் ஐந்தாறு சிற்றிலைகள், எதிரெதிராயின்றி மாறிமாறி அமைந்திருக்கும். வேங்கையின் சிற்றிலை சற்று நீண்டது. ஈட்டியினுடையது ஏறக்குறைய வட்டம். வேங்கைப் பட்டையில் காயம்பட்டால் இரத்தவர்ணப் பிசின் கசிந்து உறைகிறது. ஆகையால் கத்தியை எடுக்காமலே, பழைய காயங்களின்கீழ் செந்நிறத் தாரைகள் உலர்ந்திருக்கின்றனவா என்று தேடினால் போதும். அதுவும் அகப்படாதபோது மரத்தடிச் சருகைக் கிளறிப் பார்க்கலாம்: நடுவில் விதையும் சுற்றிலும் சிறகுமாக வட்டமாயிருப்பது வேங்கையின் காய், மெல்லிய தட்டைப் பட்டிபோல் நீண்டிருப்பது ஈட்டியின் காய்.